காது குத்திய இடத்தில் வளரும் கட்டி: கீலாய்டு பற்றி முழுமையான வழிகாட்டி

காது குத்தி இரண்டு மூன்று மாதம் கழித்து, துளையின் பின்பக்கம் பயறு அளவில் ஒரு தடிப்பு கைக்குத் தட்டுப்படும். வலி பெரிதாக இருக்காது, அரிக்கும். "புண்ணு ஆறுது, சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆறு மாதத்தில் அது சுண்டைக்காய் அளவாகும், ஒரு வருடத்தில் நெல்லிக்காய் அளவாகும். பிறகு எங்காவது போய் வெட்டி எடுத்து, தையலும் பிரித்து, தொல்லை விட்டது என்று வீடு திரும்புவார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் முன்பைவிடப் பெரிதாக ஒன்று நிற்கும்.

இதுதான் கீலாய்டு. தழும்புக் கட்டி என்றும் சொல்கிறார்கள். இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால் வெட்டினால் தீர்ந்துவிடும் என்று நம்பி இறங்குகிறவர்களைத்தான் இது அதிகம் அலைக்கழிக்கிறது.

காயம் பட்ட இடத்தைத் தைத்து மூடுகிற வேலையைத் தோலுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் செய்கின்றன. அவை கொலாஜன் என்ற நார்ப்பொருளைச் சுரக்கும். வழக்கமாக, காயம் மூடியதும் சுரப்பு குறையும். மிஞ்சிய நார் மெல்லக் கரைந்து தழும்பு தட்டையாகும். கீலாய்டு வரும் தோலில் இந்த "போதும்" என்ற கட்டளை சரியாகப் போய்ச் சேர்வதில்லை. வளர்ச்சியைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞைகள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால், காயம் ஆறி மாதக்கணக்கான பிறகும் நார் குவிகிறது. காயத்தின் எல்லையைத் தாண்டி, அடிபடாத நல்ல தோலின் மேலும் படர்கிறது. சாதாரணத் தடித்த தழும்புக்கும் கீலாய்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்த எல்லை தாண்டல்தான். முன்னது காயத்தின் அளவுக்குள்ளேயே நிற்கும், ஓரிரு வருடத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். கீலாய்டு தானாக அடங்குவது அபூர்வம்.

ஆகவே பிரச்சினை துளையில் இல்லை, தோலின் சுபாவத்தில் இருக்கிறது. கம்மலை மாற்றுவது, ஆசாரியைக் குறை சொல்வது எல்லாம் இரண்டாம் பட்சம். குத்துவதற்கு முன்பே யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: குத்துவதற்கு முன் உடம்பைப் பாருங்கள்

ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பு குழியாகவோ தட்டையாகவோ இருக்கிறதா, மேடிட்டு நிற்கிறதா? அம்மை வடுக்களில் ஏதாவது தடித்திருக்கிறதா? நடு நெஞ்சில், தோள்பட்டையில், மேல் முதுகில், தாடை ஓரத்தில் பரு வந்து போன இடம் கட்டியாக நிற்கிறதா? பழைய ஆபரேஷன் தழும்பு கயிறு போல் புடைத்திருக்கிறதா? கீலாய்டு விரும்பி வருகிற இடங்கள் இவைதான். உள்ளங்கையிலும் பாதத்திலும் கண்ணிமையிலும் அது வருவது மிக அரிது.

அடுத்து குடும்பம். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் கேளுங்கள். "கீலாய்டு இருக்கா" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "காது குத்துன இடத்துல, ஆபரேஷன் பண்ண இடத்துல யாருக்காவது சதை வளர்ந்துச்சா?" என்று கேளுங்கள். இது பரம்பரையாக வருவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். 2010இல் ஜப்பானியர்களிடம் நடந்த மரபணு ஆய்வு ஒன்று, இதனோடு தொடர்புள்ள நான்கு மரபணு இடங்களை அடையாளம் காட்டியது. ஒற்றை மரபணுவின் வேலை அல்ல என்பதால், அம்மாவுக்கு இருந்தால் மகளுக்குக் கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது. வாய்ப்பு கூடும், அவ்வளவே.

தோலின் நிறத்துக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் நம்மைப் போன்ற ஆசியர்களிடமும் வெள்ளையர்களைவிட அதிகம் வருகிறது. அதற்காக, "நான் சிவப்பு, எனக்கு வராது" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

உங்களுக்கே ஏற்கெனவே ஒரு கீலாய்டு இருந்தால், அழகுக்காக இன்னொரு துளை வேண்டாம். என் கருத்தில் இதில் விவாதத்துக்கு இடமில்லை. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தால், மடலில், அதாவது காதின் அடியில் தொங்கும் மெத்தென்ற சதையில், ஒரு துளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: வயதும் இடமும்

இந்த நோய் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில்தான் மும்முரமாக இருக்கும். கைக்குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் குறைவு. 2005இல் அமெரிக்காவில், காதுகளில் கீலாய்டு வந்த 32 பேரிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. 11 வயதிலோ அதற்குப் பிறகோ முதல்முறை குத்தியவர்களில் 80 சதவீதம் பேருக்கு அந்தத் துளையிலேயே கட்டி வந்திருந்தது. 11 வயதுக்கு முன் முதல்முறை குத்தியவர்களில் 23.5 சதவீதம் பேருக்கு மட்டுமே அப்படி வந்திருந்தது. குடும்பத்தில் கீலாய்டு இருந்தால், குத்துவதை 11 வயதுக்கு முன்பே முடித்துக்கொள்வது மேல் என்பது அந்த மருத்துவர்களின் ஆலோசனை. 32 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பதும் இதையே ஒத்திருக்கிறது.

நம் வழக்கத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துகிற காது ஒன்று, மூன்று வயதிலேயே குத்தப்பட்டுவிடுகிறது. ஆபத்துக் குறைவான வயது அது. யாரும் இதை நினைத்து அந்த வயதை வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் வசதியாக அமைந்துவிட்டது. சிக்கல் கல்லூரிக் காலத்தில் வருகிறது. இரண்டாவது, மூன்றாவது துளை, மேல்காதில் ஹெலிக்ஸ், பையன்களுக்குத் தூர்ந்துபோன துளையை மறுபடி திறப்பது, எல்லாமே 18, 20 வயதில் நடக்கிறது. "சின்ன வயசுல குத்தினப்போ ஒண்ணும் ஆகலையே" என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் பிறகு கட்டியோடு வருகிறார்கள். ஒரே ஆளுக்கு, பழைய துளை சுத்தமாக ஆறியிருக்க, அதற்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போட்ட புதுத் துளையில் கட்டி வருவது சகஜம்.

குழந்தைக்குக் குத்துவதானால் 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான பாதுகாப்பு அவற்றில்தான் இருக்கிறது.

இடத்தைப் பொறுத்தவரை, மடல் பரவாயில்லை, குருத்தெலும்பு ஆபத்து. மேல்காதில் ரத்த ஓட்டம் குறைவு, புண் ஆற 6 முதல் 12 மாதம்வரை ஆகும். மடலுக்கு 6 முதல் 8 வாரம் போதும். புண் எவ்வளவு நாள் வீங்கிச் சிவந்து கிடக்கிறதோ, தழும்பு தடிக்க அவ்வளவு வாய்ப்பு. நெஞ்சிலும் தோளிலும் தோல் இழுபட்டுக்கொண்டே இருப்பது கீலாய்டைத் தூண்டுகிறது என்பதை டோக்கியோ மருத்துவர் ரெய் ஒகாவா விரிவாக எழுதியிருக்கிறார். மடலில் அப்படிப்பட்ட இழுவிசை அதிகம் இல்லை. அங்கே நாள்பட்ட அழற்சிக்கே பெரிய பங்கு: சீழ், உரசல், நிக்கல் ஒவ்வாமை, இறுகிய திருகாணி. இவற்றையாவது நாம் கட்டுப்படுத்த முடியும்.

படி 3: குத்தும் நாளும் ஆறும் வாரங்களும்

மேல்காதைக் கன் ஷாட்டில் குத்தாதீர்கள். கன் என்பது மொட்டையான கம்மலை விசையால் அறைந்து தள்ளுவது, குருத்தெலும்பை அது நசுக்கும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ளதால் அதை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. புதிதாகப் பிரித்த ஊசியால் குத்துகிற இடமே நல்லது. ஆசாரி மெல்லிய தங்கக் கம்பியால் குத்துவதில் காயம் என்னவோ சிறிதுதான், ஆனால் கம்பியும் கையும் எவ்வளவு சுத்தம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ குத்திவிடுவதும் உண்டு.

முதல் கம்மல் தங்கமாகவோ டைட்டானியமாகவோ இருக்கட்டும். கவரிங் வேண்டாம். அதில் உள்ள நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாமல் நீர் வடியும். திருகாணியைக் கடைசிவரை இறுக்காதீர்கள். குத்திய மறுநாள் மடல் வீங்கும், அதற்கு இடம் விட வேண்டும். தண்டு சின்னதாக இருந்தால் திருகாணி சதைக்குள் புதைந்து போகும்.

ஒரு நாளைக்கு இரண்டு முறை சலைன் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்தால் போதும். மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்று கேட்டாலே கிடைக்கும். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம், புதிதாக வளரும் தோலை அவை எரிக்கும். மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் துளையில் அப்புவதும், கம்மலைக் கழற்றிவிட்டு வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்கோ செருகிவைப்பதும் இன்னும் நடக்கிறது. குச்சியின் சிம்பு உள்ளே ஒடிந்து தங்கினால் அந்தப் புண் ஆறவே ஆறாது. கீலாய்டு வாய்ப்புள்ள காதுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

படி 4: வந்திருப்பது கீலாய்டுதானா?

காதில் வரும் எல்லாக் கட்டியும் கீலாய்டு அல்ல. காலக்கணக்கு பெரிய துப்பு. குத்திய சில வாரங்களுக்குள் துளையின் வாயில் சிவப்பாக, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசிகிற சதை வந்தால் அது பெரும்பாலும் உரசலால் வந்த சதை வளர்ச்சி. காரணத்தை நீக்கினால் அடங்கும். கீலாய்டு சாவகாசமாக வரும். வழக்கமாக 3 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், சிலருக்கு அதற்கும் மேலே.

கட்டைவிரலை மடலின் முன்னாலும் ஆள்காட்டி விரலைப் பின்னாலும் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். கீலாய்டு ரப்பர் போல் கெட்டியாக இருக்கும், அழுத்தினால் அமுங்காது. மேல்தோல் வழவழப்பாகப் பளபளக்கும், முடி இருக்காது. முன்பக்கம் சின்னதாகத் தெரிந்தாலும் பின்பக்கம் கூந்தல் மறைவில் இரண்டு மடங்கு இருக்கும். துளை வழியாகப் போகிற கெட்டியான தண்டு ஒன்று இரண்டையும் இணைப்பது விரலுக்குத் தெரியும். அதனால், கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "சின்னதுதான்" என்று முடிவுகட்டாதீர்கள். பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பாருங்கள்.

தோலுக்கு அடியில் உருண்டையாக, நடுவில் கரும்புள்ளி வைத்து, அழுக்கியதும் நாற்றத்தோடு வெள்ளையாக ஏதாவது வந்தால் அது சிஸ்ட் என்கிற பைக்கட்டி வகை. மேல்காது முழுக்கச் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் வலித்தால் அது குருத்தெலும்பில் கிருமித்தொற்று. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். விட்டால் குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே சுருங்கிவிடும்.

படி 5: சின்னதாக இருக்கும்போதே

கீலாய்டு என்று தெரிந்ததும் முதல் வேலை, கம்மலைக் கழற்றுவது. துளை தூர்ந்துவிடுமே என்ற கவலையை இப்போது விட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பு தடவுவது, பூண்டு அரைத்துக் கட்டுவது, நூலோ தலைமுடியோ இறுக்கிக் கட்டி அறுந்து விழவைப்பது, இவை எல்லாம் புதுக் காயங்கள். புதுக் காயம் என்றால் புதுக் கீலாய்டு. நூல் கட்டி விழவைத்த இடத்தில் அடித்தளம் இன்னும் அகலமாக முளைக்கும்.

ஆரம்ப நிலையில் சிலிக்கான் ஜெல் ஓரளவு உதவும். தாள் வடிவத்திலும் கிடைக்கிறது, ஆனால் மடலில் அது நிற்காது. ஜெல்லை மெல்லிய படலமாக, தினமும் இரண்டு முறை, குறைந்தது இரண்டு மூன்று மாதம் தடவ வேண்டும். புண் முழுதாக மூடிய தோலில்தான் போட வேண்டும். வளர்ந்த கட்டியை ஜெல் மட்டும் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரிப்பு குறையலாம், அவ்வளவுதான்.

படி 6: ஊசி

பெரும்பாலானவர்களுக்கு முதல் சிகிச்சை, கட்டிக்குள்ளேயே போடும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 40 மி.கி. வரையிலான செறிவில், சுமார் 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை போடுவார்கள். "ஸ்டீராய்டா, வேண்டாம்" என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. இது கட்டிக்குள் தங்கி வேலை செய்கிற சிறிய அளவு மருந்து, மாதக்கணக்கில் விழுங்குகிற மாத்திரை அல்ல.

வலிக்குமா? வலிக்கும், குறிப்பாக முதல் இரண்டு முறை. கட்டி அவ்வளவு கெட்டி என்பதால் மருந்து எளிதில் உள்ளே போகாது. ஊசி சிரிஞ்சிலிருந்து தெறித்துவிடாமல் திருகிப் பூட்டுகிற வகையைத்தான் எடுப்பார்கள். மருத்துவர் கட்டைவிரலால் பலமாக அழுத்த அழுத்த, கட்டி ஒரு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். அப்படி வெளுத்தால் மருந்து சரியான ஆழத்தில் இறங்குகிறது என்று பொருள். எளிதாகச் சரேலென்று உள்ளே போனால் அது கட்டிக்கு அடியில் கொழுப்புக்குள் போகிறது, அந்த இடம் பிறகு குழிவிழலாம். மரத்துப்போகும் மருந்தைச் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். சில மருத்துவர்கள் முதலில் திரவ நைட்ரஜனால் கட்டியை உறையவைத்து, சிறிது நேரம் கழித்து அது வீங்கி இளகியதும் ஊசி போடுவார்கள். மருந்து சுலபமாக இறங்கும். ஆனால் மாநிறத் தோலில் உறைய வைத்த இடம் நீண்ட நாள் வெளுத்துக் கிடக்கலாம்.

பலன் தெரியும் வரிசை இது: முதலில் அரிப்பு நிற்கும், பிறகு கட்டி இளகும், கடைசியில்தான் தட்டையாகும். இரண்டு ஊசியில் அளவு குறையவில்லை என்று நிறுத்துவது பெரிய தவறு. நான்கு ஊசிக்குப் பிறகும் இளகக்கூட இல்லை என்றால் 5-ஃப்ளூரோயூராசில் மருந்தைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் அது கூடாது.

பக்க விளைவுகள்: தோல் மெலிவது, வெளுப்பது, சிறு ரத்தக் குழாய்கள் தெரிவது. பெண்களுக்கு ஓரிரு மாதம் மாதவிலக்கு தள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் மருத்துவர் அதற்கேற்ப அளவை வைப்பார்.

படி 7: ஆபரேஷன், அதற்குப் பிறகான வருடம்

கட்டி பெரிதாகத் தொங்கினால் ஊசி மட்டும் போதாது, வெட்டத்தான் வேண்டும். ஆனால் கீலாய்டை வெட்டி மட்டும் விட்டால் 45 முதல் 100 சதவீதம்வரை திரும்பி வருகிறது என்பது பல ஆண்டுகளாக மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. காரணம் எளிது. ஒரு குத்துக் காயத்துக்கே அப்படிப் பொங்கிய தோலுக்குக் கத்தி கொடுப்பது அதைவிடப் பெரிய காயம். ஆகவே ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "வெட்டின பிறகு என்ன பண்ணப் போறீங்க, டாக்டர்?" "ஒண்ணும் தேவையில்லை, தையல் பிரிச்சா போதும்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

நல்ல பதில் மூன்று வகையில் வரும். முதலாவது, தையல் பிரிக்கும் சமயத்திலேயே ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கி, மாதம் ஒரு முறை சில மாதங்கள் போடுவது. செலவு குறைவு, எங்கும் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவிலும் இதைக் கேட்கலாம்.

இரண்டாவது, அழுத்தம். மடலை முன்னும் பின்னும் கவ்விப்பிடிக்கிற அழுத்தக் கம்மல். திருகு வைத்ததும் காந்தம் வைத்ததும் விற்கின்றன. சில பல் மருத்துவக் கல்லூரிகளில், செயற்கைப் பல் செய்கிற பிரிவில் காதுக்கு அச்செடுத்து அக்ரிலிக்கில் செய்து தருவதும் உண்டு. அளவு கச்சிதமாக அமைவதால் எனக்கு இதுதான் பிடித்த வழி. தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை போட வேண்டும். மடல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ வலித்தாலோ இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். தூங்கும் நேரத்தை இதற்கு ஒதுக்கிவிட்டால் வேலைக்குப் போகிறவர்களும் சமாளிக்கலாம்.

மூன்றாவது, கதிர்வீச்சு. திரும்பத் திரும்ப வந்த கட்டிக்கு இதுவே பலமான ஆயுதம். ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்குவதே வழக்கம் என்பதால், அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் முன்பே பேசி நாள் குறித்திருக்க வேண்டும். ஜப்பானில் மடலுக்கு 10 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுத்துவந்தார்கள். புற்றுநோய்க்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனாலும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பார்கள், தைராய்டை மறைத்தே கொடுப்பார்கள்.

ஆபரேஷன் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டியின் மேல்தோலை உரித்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் நார் உருண்டையை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு, அதே தோலால் மூடுவார்கள். தையலில் இழுப்பு இருக்காது, மடலின் வடிவமும் பெரிதாகக் கெடாது. துளைக்குள் போகும் தண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

திரும்பி வருவதானால் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். அதுவரை மாதம் ஒரு முறை விரலால் உருட்டிப் பாருங்கள். அரிப்போ சிறு கெட்டித்தன்மையோ தெரிந்த வாரமே ஊசிக்குப் போனால் ஒன்றிரண்டில் அடங்கும். மூன்று மாதம் தள்ளிப்போட்டால் பழைய கதைதான்.

படி 8: மறுபடி கம்மல் போடலாமா?

அதே மடலில் புதுத் துளை போடக் கூடாது. கல்யாணம் வருகிறது, வெறுங்காதோடு நிற்பதா என்ற நெருக்கடி வரும். துளையில்லாமல் கவ்வுகிற கிளிப் கம்மல், காந்தக் கம்மல், காதைச் சுற்றி மாட்டுகிற மாட்டல் வகைகள் இப்போது ஜிமிக்கி வடிவத்திலேயே கிடைக்கின்றன. ஆறி இரண்டு வருடம் ஆன காதுக்குச் சில மணி நேரம் இவை போதும். மறு காதில் நல்ல துளை இருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல், கனமில்லாத தங்கக் கம்மலாகப் போடுங்கள். கனமான ஜிமிக்கியால் மடல் அறுந்தால், தைப்பதும் ஒரு ஆபரேஷன்தான், அதிலும் கீலாய்டு வரலாம்.

மூக்கு, தொப்புள், பச்சை குத்துவது எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சிசேரியனோ வேறு எந்த ஆபரேஷனோ வந்தால், கத்தி வைப்பதற்கு முன்பே "எனக்குக் கீலாய்டு தோல்" என்று மருத்துவரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். தோலில் இழுப்பு விழாதபடி தைக்கவும், தையல் பிரித்ததும் சிலிக்கானையும் ஊசியையும் சீக்கிரம் தொடங்கவும் அந்த ஒரு வரி உதவும். தங்கையோ மகளோ இரண்டாவது துளைக்குக் கிளம்பினால், அவர்களிடமும் இதைச் சொல்லி, முதலில் தோளில் உள்ள தடுப்பூசித் தழும்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.